உன் அறையில் காயும் கோப்பிக் கொட்டை

அம்பிட்டிய, கண்டி.
1933, தை மாதக் கடைசி.

அன்பு மகள் பத்மாதேவிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கந்தன் கருணையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் மாத்திரம் அம்பிட்டிய ஏற்றத்தைக் கண்டால் கோபித்துக்கொள்கிறது. கடல் கடந்து சிரம்பானில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கடிதத்தில் கண்டு மனம் குளிர்ந்தது. பொங்கல் நல்லபடி முடிந்தது, பால் கிழக்குப் பக்கமாகத்தான் வழிந்தது, சூரியன்தான் வரப் பிந்திவிட்டது. ஹந்தானை மலைப் பக்கமிருந்து இறங்கிய பனிப்புகார் வேலியோடு வந்து நின்றது, வேலிக்கு அப்பால் உலகமே இல்லாத மாதிரி இருந்தது. அதற்குள் நம் வேலியோரத்துக் கோப்பிப் பழங்கள் மட்டும் சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தன. பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு நீ கோப்பிப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு போனதும், பரிசு வாங்கு முன்னமே அது வாடிவிட்டதென்று அழுதுகொண்டு வந்ததும் நினைவுக்கு வந்தன. பானையைப் பார்க்கச் சொன்னால் வேலியைப் பார்க்கிறாரென்று அம்மா ஏசினாள். எனக்கு வயது போகப் போகக் கனவு கூடுகிறது பிள்ளை, உத்தியோக காலத்தில் கந்தோரில் பிளான் வரைகிற மேசைக்குள் பூட்டிவைத்த கனவையெல்லாம் பென்சனோடு சேர்த்து அவிழ்த்துவிட்டார்கள் போல.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ரெயில் குவாட்டர்ஸை விட்டுத் தோட்டம் உள்ள வீட்டுக்கு நீங்கள் வந்துவிட்டீர்களாம், வீட்டுக்கென்று எந்தக் கோப்பிக் கொட்டை வாங்குவது, எதில் அரைப்பது, எதில் போடுவது என்று எழுதியிருந்தாய். அங்கத்தைய கடைக் கோப்பி சீனியும் வெண்ணெயும் போட்டு வறுத்த கறுப்பாம், மருமகன் ஒன்றும் சொல்லாமல் குடிக்கிறாராம், அவர் பொறுமைசாலி. நீ கொட்டையைப் பச்சையாகவே வாங்கு. கையில் அள்ளினால் பாரமாக இருக்க வேண்டும், நிறம் நீலம் கலந்த பச்சை, மஞ்சளித்தது பழசு. மூடையின் மேல்வாயை மட்டும் பார்த்து வாங்காதே. கெலிஓயாவில் மஹ்மூத் நானாவின் கடைக்குப் போனால் நான் முழங்கை வரை கையை விட்டுத்தான் எடுப்பேன், மீன் பிடிக்கிறீங்களா என்று அவர் சிரிப்பார். ஒன்றைக் கடித்துப் பார், பல்லுக்கு விட்டுக்கொடுத்தால் ஈரம், வைத்துவிட்டு வா. வறுக்க இரும்புத் தாச்சி போதும். தீயைக் குறைத்து, அகப்பையை ஓயவிடாமல் பிரட்டு, முதலில் புல் வாசம் வரும், பிறகு பேக்கரியில் பாண் வேகிற வாசம், பிறகு படபடவென்று வெடிக்கும். வெடி அடங்கினதும் சுளகில் கொட்டி ஆறவிடு, எண்ணெய் கக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் அங்கத்தைய கடைக் கோப்பிதான். மல்லி சேர்ப்பது உன் இஷ்டம், மல்லி இல்லாமல் கோப்பியா என்று அம்மா இப்போதும் சண்டைக்கு வருவாள், நான் சளி தடிமன் பிடித்தால்தான் ஒத்துக்கொள்வேன். போடுவதற்கு ஒரு எனாமல் கேத்திலும் வடிக்கிற துணிப்பையும் இருந்தால் காணும், தண்ணீரின் கொதி அடங்க விட்டு ஊற்று. மருமகன் போன வருஷம் பார்சலில் அனுப்பிய அலுமினியக் கோப்பிப் பாத்திரத்தைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்றும் கேட்டிருந்தாய். கூச்சத்தில்தான் எழுதவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக ஒரு கிண்ணம், கீழே தண்ணீர் விட இடம், யாழ்ப்பாணத்துப் பெண்ணின் கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரியும், அம்மா அதில் புட்டு அவித்துவிட்டாள். இரண்டு பேருக்கு அளவாகச் சின்னப் புட்டுப்பானை தேடி அனுப்பியிருக்கிறார் மருமகன் என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்காமல் வெகு புளுகம். மருமகனோடு வேலை செய்கிற செல்லப்பா லீவில் வந்து, பார்த்துச் சிரித்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. பிறகு கோப்பியும் போட்டுப் பார்த்தோம், அது அந்தக் குழாயில் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் களைத்துப்போய் வருகிறது. நீ அந்தச் சாமானை வாங்காதே, இங்கே இருப்பது புட்டுக்கு நன்றாக உழைக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தாய், மேசை விளிம்பில் திருகாணி முடுக்கிப் பூட்டுகிற கோப்பி அரைக்கிற மெசின் வாங்கலாமா என்று. எந்த மெசின் நல்லதென்று நான் யோசித்துக்கொண்டு இருந்தேன். அம்மா கடிதத்தைத் திரும்ப வாங்கி ஜன்னலடியில் நின்று வாசித்தாள். பிறகு, “பிள்ளை மெசினைப் பற்றிக் கேக்கேல்லை. இனி அங்கதான் இருக்கப் போறம் எண்டு சொல்ல வாய் வராமல் இதைக் கேட்டிருக்கிறாள்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷத்தில் திரும்பி வருவோம், மருமகன் இங்கேயே ரெயிலில் வேலை எடுப்பார் என்று சொல்லிப் போனீர்கள், நானும் எப்போது வருகிறாய் என்று கேட்காமல் ஒரு கடிதமும் முடித்ததில்லை. உன்மேல் கோபமில்லை, துக்கம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும். உனக்கென்று நல்ல பழமாகப் பிடுங்கி வைத்திருந்தேன், வறுத்து இடித்து டின்னில் அடைத்துச் செல்லப்பாவிடம் கொடுத்துவிடலாம் என்று. தூள் மாசம் போகமுதல் முடிஞ்சுபோம், விதையாய்க் குடுத்தனுப்புங்கோ என்றாள் அம்மா. நான் எடுத்த டின்னைத் திரும்பத் தட்டில் வைத்தேன். விதைக்கு வெயில் ஆகாது, பழத்தோலை உரித்துச் சாம்பலில் பிரட்டி நிழலில் காயவிட வேண்டும், பனியும் படக்கூடாது. இந்த மாசத்தில் நம் வீட்டில் அப்படி ஓரிடம் என்றால் உன் அறைதான். நீ போனதிலிருந்து அதை நாங்கள் ஒன்றுக்கும் பாவிக்கவில்லை, நீ வந்து படுக்க மெத்தை விரித்தபடியே இருந்தது. அம்மா மெத்தையைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தாள், நான் பாயை விரித்துக் கொட்டையைப் பரப்பினேன். ஒரு பழத்துக்குள் ஒற்றைக் கொட்டையாக இருந்ததை விலக்கிவிட்டு, இரட்டையாக ஒட்டிக்கிடந்ததையே தெரிந்தெடுத்திருக்கிறேன். காலையில் அவற்றைப் புரட்டிவிட்டு அங்கேயே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன், பூட்டிய ஜன்னலுக்கு வெளியே புகார் மெல்ல வந்து நிற்கும், பழவாசமும் சாம்பல் வாசமுமாக இருக்கும், நீ பக்கத்தில் தலை பின்னிக்கொண்டு இருப்பது போலத் தோன்றும். மூடிவைத்திருந்தபோது அந்த அறையில் எனக்கு அப்படி ஒருநாளும் தோன்றியதில்லை.

செல்லப்பா மாசியில் கப்பல் ஏறுகிறார், அவர் பெட்டியில் வெள்ளைத் துணிப் பொட்டலம் இருக்கும். மறந்துபோய் வறுத்துவிடாதே. தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி மேலாக நட்டு, வாழை நிழல் கொடு. அங்கத்தைய வெக்கைக்கு முளைக்குமா என்று எனக்குச் சந்தேகம், அம்மாவுக்கு இல்லை. மெசினையும் வாங்கு, கனமான இரும்பாகப் பார்த்து மேசையோடு இறுக்கிப் பூட்டு. மருமகனுக்கு எங்கள் ஆசி. இருவரும் ஒருமனப்பட்டு, அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழவேண்டும். எப்போது வருகிறாய் என்று நான் இனிக் கேட்கமாட்டேன். கோப்பி மரம் காய்க்க மூன்று நாலு வருஷம் செல்லும், முதல் பழம் சிவந்ததும் எங்களுக்கு எழுது. கப்பலில் வர எந்தச் சேலை உடுப்பதென்று அம்மா இப்போதே அலுமாரியைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
க. அம்பிகைபாகன்