சிவக்காத பிஸ்கட்

பிப்ரவரி 4, செவ்வாய்

ரொட்டி சரியாக வந்தது. பன் சரியாக வந்தது. டீதான் சரியில்லை.

முதல் வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது. முன்நாக்கில் இனிப்பு, அதன் பின்னால் ஏதோ ஒன்று போகாமல் உட்கார்ந்திருந்தது. வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி. வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"மாத்திரை. எனக்குப் போடற அதே இனிப்பு மாத்திரை."

"சர்க்கரை உனக்குத்தானே வந்திருக்கு?"

"எனக்கு ஒரு பாத்திரம், உங்களுக்கு ஒரு பாத்திரம்னு காலையில நின்னுக்கிட்டிருக்க எனக்கு வேற வேலை இல்லையா?"

நாலு மாதமாக இவள் டீயில் மாத்திரை. இன்று முதல் என் டீயிலும். ஊருக்கெல்லாம் கேக் சுடுகிறவன் வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை இல்லை. சர்க்கரை டப்பாவில் மகள் பொத்தான்கள் போட்டு வைத்திருக்கிறாள்.

ஒரு நோய்க்கு என் சரக்கின் பெயரை வைத்தவன் யார்? பார்த்தால் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 5

கடை மூட்டையிலிருந்து கொஞ்சம் சர்க்கரை எடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மாத்திரை டீயின் மேல் அதையும் போட்டுக் குடித்தேன். நன்றாக இல்லை. ஆனாலும் குடித்தேன்.

பிப்ரவரி 7

சட்டைப் பையில் எறும்பு.

பிப்ரவரி 19, புதன்

இவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. போன தடவையைவிட ஏறியிருக்கிறது. கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த புண் இன்னும் ஆறவில்லை. ஆறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. "அங்கே விரலை என்ன செய்வார்கள்" என்று நான் கேட்கவில்லை. இவளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் என் அழுக்குச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். கையில் காகிதப் பொட்டலம்.

"இது என்னப்பா?"

"சர்க்கரை."

"யாருக்கு?"

"எனக்கு."

"அம்மாவுக்கு இதுல பங்கு உண்டா?"

நானா? இவளுக்கு நானா கொடுப்பேன்? கட்டின நாள்லேர்ந்து இவ தலைவலிக்குக்கூட நான்தானே ஓடியிருக்கேன். பெத்த பொண்ணு கேக்கற கேள்வியா இது? அதுவும் கடைப் பையனை விசாரிக்கிற மாதிரி, பொட்டலத்தைக் கண்ணுக்கு நேரா ஆட்டிக்கிட்டு.

இவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவர் கொடுக்கலைடி" – அவ்வளவுதான். சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் எதுவும் இல்லை.

பிப்ரவரி 20

யாருடனும் பேசவில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

குளிர் அடித்தது. போர்வை எடுக்க அலமாரியைத் திறந்தேன். போர்வைக்கு அடியில் ஒரு தகர டப்பா. அதற்குள் எதிர்க்கடைக்காரனின் பாக்கெட்டுகள். மேலே பெரிய எழுத்தில் 'சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்'. ஒன்று காலி, ஒன்று பாதி, இரண்டு பிரிக்காதது.

எதிர்க்கடைக்காரன் யார் என்று எனக்கு நானே எழுதிக்கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இவளுடைய கூடப்பிறந்த தம்பி. உலகத்தில் எத்தனையோ தெரு இருக்க, என் கடைக்கு நேர் எதிரே அடுப்பு போட்டவன். அன்றோடு பேச்சு நின்றது. அவனை உறவுமுறை சொல்லி எழுத இந்த மை செலவாகாது.

டப்பாவை நடுக்கூடத்தில் வைத்தேன். மகள் கடையில் இருந்தாள்.

"எத்தனை நாளா?"

"அதுல சர்க்கரை இல்லைங்க. மாத்திரை மாதிரி ஏதோ தூள்தான். எனக்குன்னே செய்றான்."

"பேக்கரிக்காரன் பொண்டாட்டி எதிர்க்கடையில வாங்கித் திங்கறா. வெளியே தெரிஞ்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"நீங்க செஞ்சு தரலையே."

சத்தம்கூடப் போடவில்லை. மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னாள்.

போர்வை எடுக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 24

ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். ஆராய்ச்சிக்காக. நன்றாகச் சிவந்திருக்கிறது. மொறுமொறுப்பு இருக்கிறது. வெண்ணெய் தாராளம். நாக்கின் பின்னால் அந்த வாடகைக்காரன் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் ஓரமாக.

மறுபடி ஒன்று கடித்தேன். அதுவும் ஆராய்ச்சிதான்.

மகளிடம் டப்பா விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் என் மேல் உள்ள பழி போகும், அது இவள் மேல் ஏறும். தவிர, குற்றவாளியாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரும் வேலை சொல்வதில்லை.

பிப்ரவரி 26

டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தனியாக டாக்டரம்மாவிடம் போனேன்.

"சர்க்கரை இல்லாததைத் தின்னு சர்க்கரை எப்படிம்மா ஏறும்?"

அவர் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். "சர்க்கரைதான் இல்லை ஐயா. மாவு இருக்கே. மாவும் உள்ளே போனா சர்க்கரையாத்தான் மாறும். டீயில போடற மாத்திரை பரவாயில்லை. அதை நம்பி பிஸ்கட்டை இஷ்டத்துக்குச் சாப்பிட்டா? ஒண்ணு ரெண்டு சாப்பிடலாம். பாக்கெட் கணக்குல கூடாது."

சர்க்கரை மட்டும் குற்றவாளி அல்ல என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. படி இறங்கும்போதுதான் உறைத்தது – கூட்டாளி மாவு. அதுவும் என் சரக்குதான்.

இவளிடம் சொன்னேன். அழுதாள். "சர்க்கரை இல்லைன்னுதானே சாப்பிட்டேன்" என்றாள். அது ஒன்றுதான் இவளுக்கு மிச்சமிருந்த தின்பண்டம். திட்ட வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

மார்ச் 1, சனி

இனிப்புத் தூள் ஒரு டப்பா வாங்கினேன், வேறு தெருவில். கலோரி இல்லாத இனிப்பூட்டி என்று எழுதியிருக்கிறது. உள்ளே காது குடையும் அளவில் ஒரு கரண்டி. பொம்மைக் கரண்டி. தூக்கி எறிந்தேன். நான் யார் கரண்டியாலும் அளந்தவன் அல்ல, என் கிண்ணம் எனக்கு இருக்கிறது.

மாவைக் குறைத்து, வறுத்த வேர்க்கடலையை அரைத்துப் போட்டு, சர்க்கரை போடும் கிண்ணத்தாலேயே தூளை அளந்து போட்டேன்.

பன் டெலிவரிக்காரர் வந்தார். ஒன்று கொடுத்தேன். கடித்தவர் அப்படியே நின்றார்.

"என்ன?"

"மாஸ்டர்... நாக்குல பல்பு எரியுது மாஸ்டர்."

சாயங்காலம் டெலிவரி முடித்துவிட்டு வந்தும் "இன்னும் அணையலை" என்றார்.

குப்பையைக் கிளறிப் பொம்மைக் கரண்டியை எடுத்தேன். கழுவினேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 3

கரண்டி அளவில் போட்டேன். இனிப்பு சரி. ஆனால் தட்டில் வைத்த உருண்டை வைத்தபடியே இருக்கிறது, பரவவில்லை. சிவக்கவும் இல்லை. வெந்தது, காய்ந்தது, வெளுத்தே கிடந்தது. சுண்ணாம்புக் கட்டி.

இத்தனை காலம் சர்க்கரையை இனிப்புக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அது நிறத்துக்கும் மொறுமொறுப்புக்கும் சேர்த்து உழைத்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லாமல்.

மார்ச் 8

வெளுப்பு.

மார்ச் 9

வெளுப்பு. ஓரத்தில் கருகல். மகள், "யாருக்குப்பா இது?" என்றாள். "நாய்க்கு" என்றேன். "நம்மகிட்ட நாய் இல்லையே" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

தெருவைக் கடந்தேன்.

பிஸ்கட் எப்படிச் சிவக்கிறது என்று கேட்பதற்காக அல்ல. இவளுக்கு இனி பாக்கெட் கொடுக்கக் கூடாது என்று சொல்வதற்காக.

அவன் மாவுக் கையோடு எழுந்து நின்றான். முடி நரைத்திருக்கிறது. தெருவுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரியவில்லை.

"வாங்க மாமா." ஸ்டூலைத் துடைத்தான்.

உட்காரவில்லை. "உங்க அக்காவுக்கு இனிமே பாக்கெட் கொடுக்காதே. சுகர் ஏறுது. கால் புண் ஆறலை."

முகம் செத்துவிட்டது. "புண்ணா? அக்கா சொல்லவே இல்லையே. அவ ஒருத்தியா சாப்பிட்டா அத்தனையும்?"

"வேற யாரு?"

"நீங்க சாப்பிடறீங்கன்னு சொன்னா மாமா. மாமாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, வெளியே சொல்ல மாட்டார், நீ பாட்டுக்குக் கொடுன்னா. நீங்க சாப்பிடறீங்கன்னுதான் நான் வெண்ணெய்கூடக் கொஞ்சம் தூக்கலாப் போட்டேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். கால் வலித்தது.

பிறகு அவன், "நல்லா இருந்துச்சா?" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு.

"வெண்ணெய் அதிகம்" என்றேன்.

அதற்கு ஏன் அப்படிச் சிரித்தான் என்று தெரியவில்லை.

நிறத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். மாவை முதலில் வெறும் சட்டியில் சிவக்க வறுத்துவிடுகிறானாம். உருண்டையைக் கையால் தட்டிவிடுகிறானாம், தானாகப் பரவட்டும் என்று காத்திருப்பதில்லையாம். இது எனக்கே தோன்றியிருக்கும். இன்னும் இரண்டு நாளில் தோன்றியிருக்கும்.

மார்ச் 12

சிவந்தது.

சின்னதாகச் செய்தேன், பெரிய பொத்தான் அளவு. ஒரு நாளைக்கு இரண்டு, டாக்டரம்மா சொன்னபடி. இவள் ஒன்றைக் கடித்து, ரொம்ப நேரம் மென்றாள்.

"எப்படி?"

"தம்பியோடது இன்னும் நல்லா இருக்கும்."

இரண்டாவதையும் எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

டப்பா விஷயத்தை இவளே மகளிடம் சொல்லியிருக்கிறாள். மகள் வந்து என் பக்கத்தில் நின்றாள். மன்னிப்பு கேட்பாள் என்று மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"அந்தப் பொட்டலத்தையும் விட்டுடுங்கப்பா" என்றாள்.

இதுதான் நான் பெற்ற பிள்ளை.

மே 28, புதன்

ரத்தப் பரிசோதனை. இறங்கியிருக்கிறது. "இன்னும் இறங்கணும்" என்றார் டாக்டரம்மா. புண் போன மாதமே மூடிவிட்டது. இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். விரல்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

சாயங்காலம் மச்சினன் வந்தான். இப்போதெல்லாம் அடுப்பு அணைத்ததும் வந்துவிடுகிறான், யாரும் கூப்பிடுவதில்லை. அக்காவின் தட்டில் இருந்த இரண்டையும் புரட்டிப் பார்த்து, "நிறம் பத்தலை மாமா" என்றான். "உன் கடையைப் பார்த்துக்கோ" என்றேன். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் டீ.

நானும் அப்படியே குடித்தேன். பொட்டலம் மடித்து ரொம்ப நாளாகிறது. நல்ல காகிதம் கிடைப்பதில்லை, அதனால்தான்.