தம்பியின் கூடை

12-4-1970
மாதா கோவில் பூசையில் சாம்பிராணி என்று எதையோ போட்டுப் புகைக்கிறார்கள். கண் கரிக்கிறது, வாசனை துளிகூட இல்லை. கலப்படமா என்று உபதேசியாரிடம் கேட்டேவிட்டேன். ரோசி, "நல்லாத்தானேம்மா மணந்துச்சு" என்கிறாள். என் மகளுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

15-4-1970
ஆறு வருஷமாகக் காசிமேட்டில் கம்பெனிக்கு இறால் தரம் பார்க்கிறேன். தலையைக் கிள்ளி முகர்ந்தால் போதும், எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவேன். இன்று நான் சரியென்று விட்ட ஒரு கூடை ஐஸ் அறையில் நாறியிருக்கிறது. அது சிலுவைமுத்து படகுக் கூடை. என் கூடப்பிறந்த தம்பி! ஹுமாயூன் மேஸ்திரி திட்டவில்லை. நாளையிலிருந்து உரிக்கிற பெஞ்சில் உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

16-4-1970
சிலுவைமுத்து வஞ்சிரத்தோடு வந்தான். கடலில் இன்ஜின் நின்று ஐஸ் கரைந்துவிட்டதாம். கூடை அடியில் கெட்டிருப்பது தெரிந்துதான் கொண்டுவந்தானாம். "தெரிஞ்சும் தம்பின்னு பாத்து வுட்டியேக்கா. சாவுற வரிக்கும் மறக்கமாட்டேன்."
பாவி. நான் திருட்டுத்தனம் செய்வேன் என்று இவனே நம்புகிறான். மீனைத் தெருவில் வீசினேன்.

17-4-1970
மண்ணெண்ணெய் பாட்டிலை மூக்கில் வைத்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. பினாயில், காப்பித்தூள், கருவாடு — ஒன்றுமில்லை. மேஸ்திரியிடம் ஓடினேன். இப்போது மூக்கின் மேல் பழி போடுகிறேனாம்.
கண் போயிருந்தால் தடுக்கி விழுந்து காட்டலாம். மூக்கு போனதை எப்படிக் காட்டுவேன்?

3-9-1970
மூக்கு போனதைச் சளி என்கிறார்கள். ஐந்து மாசமாகவா? சிலுவைமுத்து மட்டும் ஞாயிறு தவறாமல் மீன் கொண்டுவருகிறான். எத்தனை தரம் சொன்னாலும், "தெரியும்க்கா, வெளில அப்படித்தான் சொல்லணும்" என்று கண்ணடிக்கிறான். சண்டை போட்டுத்தான் வாங்கி வைக்கிறேன்.

20-11-1974
வலது கட்டைவிரல் தானாக ஆடுகிறது. உரிக்கும்போது இறால் பாதியில் பிய்கிறது. நான் குடிக்கிறேன் என்று பெஞ்சில் பேச்சு. அதையும் சொல்லியாச்சு. இன்னும் என்ன பாக்கி?

11-2-1975
பெரிய ஆஸ்பத்திரி. நடுக்குவாதமாம். மூளைக்குள் கறுப்பாக ஒரு சின்ன இடமாம். உடம்பின் அசைவைக் கவனிக்கிற உயிரணுக்கள் அங்கே ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றனவாம். வெளியே தெரிவதற்குள் பாதிக்கு மேல் போயிருக்குமாம். மூக்கும் இதனால்தானா என்றேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை என்றார் டாக்டர். புத்தகம் எழுதினவனா பெஞ்சில் உட்கார்ந்தான்? இந்த நோட்டையே முன்னால் போட்டு, 1970 பக்கத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, தேதியைக் குறித்துக்கொண்டார். பிறகு கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். "உங்க எழுத்து எவ்வளவு சின்னதா ஆயிடுச்சு, பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. இப்போதுதான் பார்க்கிறேன்.

13-2-1975
சிலுவைமுத்துவை உட்காரவைத்து எல்லாப் பக்கத்தையும் உரக்கப் படித்தேன். ஆடுகிற கையையும் காட்டினேன். கடைசியில் நம்பினான்.
"அப்ப நீ எனக்காவ வுடலியாக்கா?"
"இல்லடா. நாத்தம் தெரிஞ்சிருந்தா உன் கூடையத்தான் மொதல்ல தள்ளியிருப்பேன்."
ஐந்து வருஷமாக இதைச் சொல்லத்தான் துடித்துக்கொண்டிருந்தேன். அவன் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனான்.
என் பேர் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. அப்புறம் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

16-2-1975
ஞாயிறு. பத்து மணி வரை பார்த்தேன், அவன் வரவில்லை. ரோசியை மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். வாங்கி வந்தது பழைய மீன். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.