இடது கையின் வயது

என் வீட்டு மகாராணிக்கு,

நீ வேலைக்காக வெளியூர் போகுமுன் சொன்னபடி நம் மகளை டாக்டரம்மாவிடம் காட்டினேன். ஏழு வயதில் மார்பு அரும்பினால் எலும்பும் முந்தி முதிரலாமாம். முதிர்ந்தால் உயரம் நின்றுவிடுமாம். எலும்பின் வயதைப் பார்க்க இடது கையை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள்.

நான் மரக்கடைக்காரன். அறுத்தால்தான் எனக்கு மரத்தின் வயது தெரியும். அவரோ விரல் எலும்புகளின் முனையில் மெல்லிய கறுப்புக் கோடுகளைக் காட்டினார். அவை மூடாதவரை வளருவாளாம். கும்பிடத் தோன்றியது.

"எலும்புக்கு எட்டு வயசு, கொஞ்சம்தான் முந்துது. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம். எடையும் காரணம், பரம்பரையும் காரணம். அவங்க அம்மா எத்தனை வயசுல பெரிய மனுஷி ஆனாங்க?"

"அவளைக் கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றேன்.

"அம்மாவைப் பத்தி ஒண்ணும் தெரியாதாப்பா?" என்று மானத்தை வாங்கினாள் உன் மகள்.

டாக்டரம்மாவுக்கு வயது மட்டும் போதும். எனக்கு முழுக்க எழுது. அன்று பயந்தாயா, பக்கத்தில் யார் இருந்தார்கள்?

பத்து வருடம் கேட்காமல் இருந்த
உன் வீட்டுக்காரன்