கட்டில் இருந்த இடத்தில் ஒரு கடல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதை விட்டாரா, இன்னும் வீம்புதானா?

என்னோடு அறையில் இருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் கட்டில் இருந்த இடத்தில் ஒரு கடல்நீர் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். நாலு கல், கொஞ்சம் மணல், கல்லில் ஒட்டி வளரும் இரண்டு பவளம். தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதம் மீன் இல்லாமலே ஓடவிட்டுக் காத்திருந்த பிறகுதான் இரண்டு மீன் விட்டேன். அதிகம் வேலை வைக்காத தொட்டிதான்.

போன வாரம் பவளம் இரண்டும் சுருங்கிவிட்டன. தண்ணீர் குறையக் குறைய நான் உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறேன். மீன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணிதான் ஆவியாப் போகுது, உப்பு எங்க போகும்? நல்ல தண்ணிய ஊத்துப்பா."

அடுப்பில் சுண்டிய குழம்பில் மறுபடியும் உப்பைப் போட்டு உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாய். இப்போது பவளம் விரிந்துவிட்டது, கவலைப்படாதே.

வேலை முடிந்து கதவைத் திறந்ததும் மீன் இரண்டும் கண்ணாடியோரம் ஓடி வருகின்றன. தீனிக்காகத்தான், தெரியும்.

இந்தப் பக்கம் வருகிறவர் யாராவது இருந்தால் உன் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கொடுத்துவிடு. தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது தரையெல்லாம் நனைகிறது. இங்கே கிடைக்கும் துணி ஈரத்தை இழுப்பதில்லை.

கம்பெனி வண்டி கீழே ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன்.

உன் மகன்

பி.கு.: புடவையைத் துவைத்தெல்லாம் அனுப்ப வேண்டாம். நீ கட்டியிருந்தது அப்படியே இருக்கட்டும். தரை துடைக்கத்தானே.