பதினோராம் பக்கம்

டெல்ஃப்ட், 1647 மார்ச் 4

அன்புள்ள லாம்பர்ட்டுக்கு,

உன் பாடக் குறிப்புகள் நேற்றுப் படகில் நனையாமல் வந்து சேர்ந்தன. கையெழுத்துதான் மாணவப் பருவத்தில் இருந்ததைவிட மோசம். விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு படித்து முடித்தேன்.

அந்தப் பிரெஞ்சுத் தத்துவவாதியின் வாதத்தை நீ அழகாகச் சொல்லித் தருகிறாய். எனக்கு உடல் இருக்கிறதா என்று நான் சந்தேகப்படலாம், எல்லாம் கனவாக இருக்கலாம். ஆனால் சந்தேகப்படுகிற நான் இருப்பதைச் சந்தேகப்பட முடியாது. ஆகவே நான் வேறு, என் உடல் வேறு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? எங்கள் சந்தையில் வெண்ணெய் விற்கும் பீட்டரை எனக்குத் தெரியும். எங்கள் கோபுரத்தில் மணி இசைப்பவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று போன வாரம்கூட எனக்குச் சந்தேகம். விசாரித்தால் இரண்டு பேரும் ஒரே பீட்டர். என் சந்தேகம் அவரை இரண்டாக வெட்டிவிடவில்லை. சந்தேகம் என் தலைக்குள் நடப்பது. அதை வைத்து உலகத்தை எப்படிப் பிரிப்பாய்? பதில் எழுது.

உன் மனைவி ஹில்லெ பனியில் வழுக்கிப் படிக்கட்டில் விழுந்தாள் என்று ஜனவரியில் எழுதினாய். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? படிக்கிற காலத்தில் எனக்கு அவள் ஊற்றிய பட்டாணிக் கஞ்சி இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

உன்,
வைபிராண்ட்

லெய்டன், 1647 மார்ச் 20

அன்புள்ள வைபிராண்ட்,

தேவாலயப் போதகர் நீ ஆன்மாவை உடலோடு சேர்த்துக் கட்டுகிறாய், கல்லூரி வாத்தியார் நான் அவிழ்த்துவிடப் பார்க்கிறேன். ஊர் சிரிக்கும்.

உன் பீட்டர் நல்ல அடிதான், ஆனால் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. வாதம் சந்தேகத்தில் நிற்கவில்லை. கையும் காலும் தலையும் இல்லாமலே, வெறும் நினைக்கிற பொருளாக, என்னை நான் குறைவில்லாமல் புரிந்துகொள்ள முடிகிறது. எது இன்னொன்றின் உதவியில்லாமல் முழுமையாகப் புரிகிறதோ, அது இன்னொன்று இல்லாமலும் இருக்க முடியும். குழல் உடைந்தால் ஓசை நிற்கும். வாசிப்பவன் அப்படியேதான் இருப்பான்.

இதை நான் ஏன் இவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். ஹில்லெயின் தலைக்காயம் ஆறிவிட்டது. நடக்கிறாள், சாப்பிடுகிறாள், துணி மடிக்கிறாள். ஆனால் எங்களைத் தெரியவில்லை. போன வாரம் சுசன்னா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஹில்லெ திரும்பி, பெற்ற மகளைப் பார்த்து ரொம்பக் கனிவாகச் சொன்னாள்: "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா? நேரமாச்சு, கிளம்பு. உங்கம்மா உன்னைத் தேடுவாங்க."

சுசன்னா சீப்பை வைத்துவிட்டு வெளியே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஹில்லெ உள்ளே முழுசாக இருக்கிறாள், குழல்தான் உடைந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பிலும் இதையே சொல்கிறேன். பையன்கள் தத்துவம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

உன்,
லாம்பர்ட்

டெல்ஃப்ட், 1647 மே 12

அன்புள்ள லாம்பர்ட்டுக்கு,

புதிய தத்துவத்தை மறுத்து இங்கே மூன்று ஞாயிறு பேசினேன். சபையார் விடாமல் கேட்டதால் அச்சுக்கும் கொடுத்தேன். ஒரு பிரதி அனுப்புகிறேன். சில இடங்களில் உனக்கு வருத்தம் வரலாம். யார் பெயரையும் எழுதவில்லை. வாதத்துக்கு வாதமாகப் படிப்பாய் என்று நம்புகிறேன்.

ஹில்லெயை விசாரித்ததாகச் சொல்.

உன்,
வைபிராண்ட்

லெய்டன், 1647 ஜூன் 3

போதகர் அவர்களுக்கு,

பதினோராம் பக்கம் படித்தேன். "லெய்டனில் இந்த வாதத்தைக் கற்பிக்கும் ஒருவரின் மனைவி." எங்கள் ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதன் கீழே ஹில்லெ சொன்னது ஒரு சொல் குறையாமல் இருக்கிறது. 'உங்கம்மா உன்னைத் தேடுவாங்க' என்பது வரை.

நேற்று வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான், "ஐயா, பதினோராம் பக்கத்துக்கு உங்க பதில் என்ன?" குறும்புக்காகக் கேட்கவில்லை, படிக்கிறவன். நான் புத்தகத்தை மூடிவிட்டு வந்துவிட்டேன். மீன் சந்தையில் ஒரு பெண் சுசன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னையே அடையாளம் தெரியலையாமே?" என்று கேட்டு அழுதாளாம். இரக்கம்தான். சுசன்னா அதன் பிறகு சந்தைக்குப் போகவில்லை. நான் சொல்லாமல் இந்தச் சேதி டெல்ஃப்டுக்குப் போயிருக்காது என்று அவளுக்குத் தெரியும். என்னோடும் பேசுவதில்லை.

லாம்பர்ட் ஹெசல்ஸ்

டெல்ஃப்ட், 1647 ஜூன் 8

லாம்பர்ட்,

நீ என்னைப் போதகர் என்று எழுதியதைப் பத்துத் தடவை படித்தேன்.

சாக்குச் சொல்ல மாட்டேன். உன் கடிதம் வந்த அன்று ஹில்லெக்காக முழந்தாளிட்டு அழுதேன், அது உண்மை. எழுந்ததும் முதலில் தோன்றியது, இதற்கு லாம்பர்ட்டால் பதில் சொல்ல முடியாது என்பது. அதுவும் உண்மை. தலை இல்லாமலே மனம் முழுமை என்றால், ஒரு கல் படி எப்படி ஒரு தாயின் மனத்திலிருந்து மகளை எடுத்துவிட முடியும்? இருபது வருடமாக உன்னிடம் தோற்றவனுக்கு இப்படி ஒன்று கிடைத்ததும் கை நிற்கவில்லை. அச்சுக்கூடத்தில் மெய்ப்பு பார்க்கும்போது அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அது போனால் மீதி எல்லாம் சப்பென்று இருந்தது. விட்டுவிட்டேன்.

மிச்சப் பிரதிகளை வாங்கி எரித்துவிட்டேன். விற்றவற்றை என்ன செய்ய? நான் வந்து சுசன்னாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். அனுமதி கொடு.

வைபிராண்ட்

டெல்ஃப்ட், 1647 செப்டம்பர் 29

லாம்பர்ட்,

நான்கு கடிதம் போட்டும் பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை படகேறி உங்கள் ஊர் வரைக்கும் வந்தேன். உன் தெருமுனையில் நின்றேன். ஜன்னலில் சுசன்னா துணி உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, ஜன்னல் கதவைச் சாத்தினாள். திரும்பிவிட்டேன்.

இந்த ஞாயிறு பிரசங்கத்தில் என் தவற்றைச் சபை முன் சொன்னேன். இதுவும் உங்களைத் திரும்ப ஊர்ப்பேச்சாக்கிவிடுமோ என்று பயந்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். நான் எதைச் செய்தாலும் அது ஹில்லெயின் மேல்தான் போய் விழுகிறது.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வைபிராண்ட்

லெய்டன், 1647 டிசம்பர் 11

வைபிராண்ட்,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன.

முதலில் வாதம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. நீ சொன்னது சரி. நான் என்னை உடல் இல்லாமல் புரிந்துகொள்கிறேன் என்றேன். ஆனால் அந்தப் புரிதல் முழுமையானது என்று எனக்கு யார் சொன்னது? தெரியாத பாகம் தெரியாமல்தானே இருக்கும். குழல் உடைந்தவன் குழலைத் தேடுவான், வாயால் சீட்டியாவது அடித்துப் பார்ப்பான். பத்து மாதமாக ஹில்லெயைப் பார்க்கிறேன். அவள் தேடவில்லை. தன்னிடம் ஒன்று குறைகிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பிரெஞ்சுக்காரர் சொன்ன வழியில் இந்த வாதம் நிற்காது என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். கேட்ட மாணவனுக்குச் சந்தோஷம். எனக்கு அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை. அவள் உள்ளே எங்கோ இருக்கிறாள் என்ற நினைப்பில்தான் இத்தனை நாள் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உன்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. நீ பொய் எழுதவில்லை. என் வீட்டுக்குள் நடந்து, உன்னை நம்பி நான் சொன்ன ஒன்றை எடுத்து, உண்மைக்குச் சாட்சியாக நிறுத்தினாய். அவ்வளவுதான். அதை என்னால் தாண்டி வர முடியவில்லை.

இதைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். நவம்பரில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஹில்லெ எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வைபிராண்ட் ஏன் இன்னும் வரலை? கஞ்சி ஆறுதே."

சுசன்னாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பெயரெல்லாம் போய், உன் பெயர் இருக்கிறது. அதிலிருந்து தினமும் கேட்கிறாள். "அவருக்குத் தேவாலயத்தில வேலை இருக்கும்மா, நாளைக்கு வருவாரு" என்று சுசன்னாதான் சொல்கிறாள். ஹில்லெயும் சரி என்று சாப்பிட்டுவிடுகிறாள். மறுநாள் மறுபடியும்.

அந்தப் பொய்யை எத்தனை நாளானாலும் எங்களால் சொல்ல முடியும். உனக்குக் கதவைத் திறந்துவிட எங்களால் முடியாது. நீ வராதே.

லாம்பர்ட்