வாய்க்காலை அடைத்த வாரம்

புரட்டாசி 21, செவ்வாய். புழுக்கம். மழை வரும் போல, வரவில்லை.

இன்று சொல்லாதது: "நான் ஓட்டிய வேகத்தில் தப்பில்லை சார்." பிறகு எதில் என்று கேட்பார், அது எனக்கே தெரியாது.

வெட்டிப் பார்த்ததில் இந்தத் தடவையும் அதே. இரண்டு அலுமினியத் தகடுகளின் இணைப்புக்குள், நீளவாக்கில் ஓர் ஓட்டை. என் வெல்டிங்கில் தீப்பொறி கிடையாது, எதுவும் உருகாது. சுழலும் மரையாணி ஒன்று விளிம்புகளுக்குள் இறங்கி, சூட்டில் இளகிய உலோகத்தைப் பிசைந்துகொண்டே போகும். பிசைகிறது. அடியில் நிரம்பத்தான் மாட்டேன் என்கிறது.

இதே மெஷினுக்குக் காத்திருக்கும் பிரபு எட்டிப் பார்த்தான். "ஒட்டச் சொன்னா வாய்க்கால் வெட்டி வச்சிருக்கியே! தண்ணி எப்ப தொறப்பாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டு நானும்.

என் ஆராய்ச்சிக்குக் கைடு ர. சார் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வளைச்சுப் பாப்போம்மா. உடைஞ்சா இதை விட்டுட்டு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக்க. மெஷின் பிரபுவுக்கு."

குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

22, புதன். வெயில்.

மன்னார்குடி சாலை. பாதிச் சாலையில் குறுவை நெல் காய்கிறது, பஸ் நகரவில்லை. ஜன்னலோரம் அறுவடை மெஷின், குழாய் வழியாக டிராக்டரில் நெல் கொட்டியபடி. குழாய்க்குள் திருகு சுற்றுகிறது, நெல் மேலே ஏறுகிறது. திருப்பிச் சுற்றினால்? கீழே தள்ளும்.

என் ஆணி! வழக்கமான வலப்பக்க மரையாகக் கடையச் சொன்னது நான். மெஷினும் வலப்பக்கமே சுற்றுகிறது. இத்தனை மாதமும் உலோகத்தை மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே பிதுங்கியதைப் பிசிறு என்று அரத்தால் ராவி எறிந்தேனே, அதெல்லாம் உள்ளே இருக்க வேண்டியது.

பக்கத்து சீட்டு அம்மா: "தனியா சிரிக்கிறியேம்மா, எனக்கும் சொல்லேன்."

23, வியாழன்.

மெஷின் ஓட்டும் சுகந்தி அக்காவிடம்: "எதிர்ப்பக்கம் சுத்த விடுங்கக்கா."

"ரிவர்ஸ்லயா? அவ்வளவுதானாடி?"

அவ்வளவுதான். ஒரு ஸ்விட்ச். பிசிறு ஏறக்குறைய இல்லை. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஓட்டை இல்லை. திரும்பப் பார்த்தேன். இல்லவே இல்லை! மதியம் சாப்பிட மறந்துபோனேன்.

24, வெள்ளி. இரவெல்லாம் மழை, காலையில் ஓய்ந்தது.

வளைக்கும்போது சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிரபு வளைவை விரலால் தடவிவிட்டு, "தண்ணி நின்னுடுச்சே" என்றான்.

"முறை வச்சுத்தான் விடுவேன். உன் முறை வரும், காத்திரு" என்றேன்.

"எப்படிம்மா?" என்றார் சார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன், அறுவடை மெஷின் உட்பட.

தகடு லாடம் போல வளைந்து கிடக்கிறது. விரிசல் இல்லை. மெஷின் தை வரை எனக்கு.