இரண்டு தடவை மிதித்தால் நிற்கும்

2.6.1943, புதன்
(ஜப்பான் வருஷப்படி 2603 என்று போடச் சொல்கிறார்கள். இந்த நோட்டில் போடமாட்டேன்.)

அத்தானிடம் இன்று சொல்லாமல் விட்டது: பிரேக் போய்க்கொண்டிருக்கிறது. வாசலில் நிற்கவேண்டிய வண்டி நாலடி தள்ளிப் போய், வேலியை உரசி நின்றது. மிதிகட்டையை அவர் இரண்டு தடவை அமுக்கியதைப் பார்த்தேன். இறங்கியவர் முகத்தில் ஆகாய விமானம் ஓட்டி வந்த களை! வெள்ளைக்காரத் துரை சிறைக்குப் போனபின் அவருடைய கார் ஜப்பான் அதிகாரியுடையது. சீதா அக்காவைக் கட்டிய அத்தான் அதற்கு டிரைவர். எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்க "நம்ம வண்டி" என்று சொல்லித் திரிகிறார்.

5.6

ஜப்பான்காரனுக்குப் பயந்து என் ஆங்கிலப் புத்தகங்களை எல்லாம் எரித்தவர், வண்டியின் கையேட்டை மட்டும் அதுவும் ஓர் உறுப்பு என்று விட்டுவைத்திருக்கிறார். படித்தேன். அலங்காரமில்லாத நல்ல நடை. மிதிகட்டை தரைவரை தாழ்ந்தால், வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இரும்பு உரசும் சத்தம் கேட்டால், சக்கரத்தின் உட்புறம் கசிந்தால் — உடனே பட்டறைக்கு.

நான்கும் இருக்கின்றன. கசிவை விரலில் தொட்டு மோந்தேன். தேங்காய் எண்ணெய்! பிரேக் எண்ணெய் கிடைக்கவில்லையாம். எங்கள் தலைக்கு ஒரு சொட்டு கிடையாது.

8.6

சொல்லிவிட்டேன்.

"புஸ்தகத்தப் படிச்சிட்டு எனக்கே பாடம் சொல்றியா? ரெண்டு தடவ மிதிச்சா நிக்கும். நாலு மாசமா நிக்கலயா?"

பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி அக்கா விடுவாளா? "இவளக் கட்டிக்கப்போறவன் பாவம், தம்பி. அடுப்பு எரியலன்னாலும் புஸ்தகத்தத்தான் பொரட்டுவா."

இருவரும் சிரித்தார்கள். பழுது என்று தெரிந்தால் அதிகாரி வண்டியைப் பறித்துக்கொள்வான். அத்தானின் பவிசு போய்விடும். அந்தப் பயத்தை ஒப்புக்கொண்டிருந்தாலாவது கொஞ்சம் மதித்திருப்பேன்.

13.6

நாளை சீதா அக்காவை அந்த வண்டியில் பெரிங்கிட் மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாராம். ஏழு மாத வயிறு. ஏற்றம் போகட்டும். இறக்கம்?

14.6, திங்கள்

காலையில் அக்காவிடம் பிரேக்கைப் பற்றிச் சொன்னேன். "அவருக்குத் தெரியாததா?" என்றாள்.

ஒன்பதரைக்கு அத்தான் அவசரப்படுத்தினார். "ராகு காலம் ஒம்பதோட முடிஞ்சிருச்சு, ஏறு."

சுவர்க் கடிகாரம் காட்டுவது டோக்கியோ நேரம். ஜப்பான்காரர்கள் வந்ததும் ஒன்றரை மணி முன்னே தள்ளிவைத்தது.

"சூரியன் இன்னும் டோக்கியோ போகலக்கா. நெசமா இப்ப மணி எட்டுதான். ராகு காலம் முடியல."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷன் கத்தியும் எழவில்லை. நான் துளியும் நம்பாத ஒன்றைச் சொன்னால்தான் இந்த வீட்டில் எடுபடுகிறது. சீ.

காலியான இடத்தில் பாக்கியலட்சுமி அக்கா ஏறிக்கொண்டாள், ஆறாத கால்புண்ணுக்கு மருந்து கட்ட. கதவைச் சாத்துமுன் என்னைப் பார்த்து, "ஏம்மா பஞ்சாங்கம், எனக்கு நேரம் எப்படி?" என்றாள்.

"ஒங்களுக்கு எல்லா நேரமும் நல்ல நேரந்தான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வண்டி கிளம்பிவிட்டது.

17.6

பெரிங்கிட் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. மரத்தில் மோதியது. பாக்கியலட்சுமி அக்காவைச் செவ்வாய்க்கிழமை எரித்தார்கள். அத்தானுக்கு நெற்றியில் மூன்று தையல். அதிகாரி அறைந்ததில் ஒரு பல் போயிற்று.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம், "எல்லாம் ராகு காலத்துல கெளம்புனதால வந்த வினை. இவ அப்பவே சொன்னா" என்று என்னைக் காட்டுகிறார்.

வந்தவர்களுக்கு நான் பாய் விரிக்கிறேன்.